மேமோகிராமுக்கு மாற்றா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோயைத் தேட எடுக்கும் எக்ஸ்ரேதான் மேமோகிராம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், அதற்கே தோலின் சூட்டைப் படமெடுக்கும் தெர்மோகிராஃபி பற்றி, "வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை, மேமோகிராமுக்கு நல்ல மாற்று" என்று ஒரு வரி. எந்த வரி என்று உங்களுக்கே தெரியும். தடித்த எழுத்தில் போட்டவர் நீங்கள்தானே.

இதே போன்ற ஒரு வரியை வேறெங்கோ படித்துத்தான் என் அக்காவும் போனாள். இடுப்புக்கு மேல் துணியில்லாமல், குளிரூட்டிய அறையில் கால் மணி நேரம் உட்கார வைத்து, உடம்பு ஆறியதும் படம் எடுத்தார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. கீழே, "சந்தேகப்படும்படி எதுவும் இல்லை." மேமோகிராமுக்குப் போவோம் என்று நான் வாயெடுத்தாலே அந்தத் தாளை எடுத்து நீட்டுவாள். படம் எடுத்த ஒன்பதாம் மாதம், சோப்புப் போடும்போது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. படம் எடுத்த அன்றே அது இருந்ததா என்று இனி யாரும் சொல்ல முடியாது. அந்தத் தாளை நம்பித் தள்ளிப்போட்ட மாதங்கள் போனது போனதுதான்.

அந்தக் கேமரா பார்ப்பது தோலின் சூட்டை மட்டும். கட்டி இருக்கும் இடத்தில் தோல் சூடாகத் தெரியலாம் என்று ரே லாசன் என்ற மருத்துவர் 1956-லேயே எழுதினார். யோசனையில் தப்பில்லை. ஆனால் எல்லாக் கட்டியும் சுடாது, சுடுவதெல்லாம் கட்டியும் இல்லை. ஆரம்பத்தில் சிலருக்கு வரும் பொடிப்பொடி சுண்ணாம்புத் துகள்கள் மேமோகிராமில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். சூட்டுப் படத்தில் எங்கே தெரியும்? 1970-களில் அமெரிக்காவில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்து, சரிப்படாது என்று விட்டார்கள். 1982-ல் அங்குள்ள மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்ததும் மற்ற சோதனையோடு துணைக்கு வைத்துக்கொள்ள மட்டுமே. 2019-ல், இது மேமோகிராமுக்கு மாற்று அல்ல என்று எச்சரிக்கையே விட்டது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா என்ன!

மேமோகிராம் சுகமானது என்று சொல்லவில்லை. இரண்டு தட்டுக்கு நடுவே அழுத்தியபோது எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அதன் கண்ணுக்கும் சில கட்டிகள் தப்பும். ஆனாலும் அழுத்துவது சில விநாடிதான். கதிர்வீச்சும் நாம் சும்மா இருந்தாலே சில வாரங்களில் உடம்பில் படுகிற அளவுதான்.

அப்புறம், இது முதல் தடவையும் இல்லை. முன்பு ஒரு கட்டுரை முழுக்க, மார்பகம் என்று அச்சடிக்கக் கூசி, "அந்தப் பகுதி, அந்தப் பகுதி" என்றே ஓட்டினீர்கள். அதைக் கேட்டு நான் எழுதிய கடிதத்தைப் பெருந்தன்மையோடு வெளியிட்டீர்கள்: உங்களைப் பாராட்டியிருந்த முதல் வரியை மட்டும். அதனால்தான் இந்த முறை பாராட்டு எதுவும் எழுதவில்லை.

கேட்பது ஒன்றே ஒன்று. "தெர்மோகிராஃபி மேமோகிராமுக்கு மாற்று அல்ல" என்று அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். கடைசிப் பக்க மூலையில் பொடி எழுத்தில் வேண்டாம். அதே பக்கம், அதே தடித்த எழுத்து.

இப்படிக்கு,
பல வருட வாசகி