செபிக்கு ஒரு திறந்த மடல்: கடைசிப் பக்கத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அதிகாரிகளுக்குப் பாளையங்கோட்டையிலிருந்து வணக்கம்.

எங்கள் மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமை கால்நடைச் சந்தை கூடும். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்பே விவரமான ஆள் தரகரிடம் கேட்டுவிடுவார்: "நீரு யாருக்காகப் பேசுதீரு?" ஒரு பங்கை வாங்கலாமா விற்கலாமா என்று தரகு நிறுவனங்கள் வெளியிடும் ஆய்வறிக்கையிலும் இதற்குப் பதில் உண்டு. கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில்.

ஓய்வு பெற்ற பணத்தில் ஒரு பங்கு வாங்கினேன். விலை 412 ரூபாய். தரகு நிறுவனத்தின் அறிக்கை ‘வாங்கலாம், இலக்கு 540’ என்றது; அதாவது விலை 540 வரை ஏறுமாம். விலை 300க்கு இறங்கியதும் இலக்கை 340 ஆக்கி, ‘வைத்திருக்கலாம்’ என்றார்கள். விற்கச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. கிளைக்குப் போய்க் கேட்டேன். "அண்ணாச்சி, லாங் டேர்ம் பாருங்க" என்று காபி வாங்கிக் கொடுத்தார் அங்கிருந்த தம்பி. காபி நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துக் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். அந்தக் கம்பெனியின் பங்கு வெளியீட்டை நடத்திக் கொடுத்ததே இதே நிறுவனம்தானாம்.

ஆய்வாளர்களை நான் ஒதுக்கவில்லை. கம்பெனிக்குக் கடன் எவ்வளவு, சரக்கு தேங்குகிறதா என்பதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. ‘வாங்கு’ என்ற ஒரு சொல்லில்தான் சந்தேகம். அமெரிக்காவில் என்ரான் என்ற எரிசக்திக் கம்பெனி 2001 டிசம்பரில் திவாலானது. அதற்குச் சில வாரம் முன்புவரை பல ஆய்வாளர்கள் வாங்கத்தான் சொன்னார்கள். 2003இல் அங்கே பத்து பெரிய நிறுவனங்கள் சுமார் 140 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டு ஆய்வாளர்கள் ஒருதலையாகப் பரிந்துரைத்தார்கள் என்ற வழக்குகளை முடித்துக்கொண்டன.

ஆய்வாளர்களுக்காக நீங்கள் போட்ட 2014 விதிமுறைகளில் குறை சொல்ல அதிகமில்லை. அறிக்கைக்கு முன் 30 நாளும் பின் 5 நாளும் ஆய்வாளர் அந்தப் பங்கைத் தொடக் கூடாது. கம்பெனியிடம் வாங்கிய பணத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வருஷமாக இலக்கு சொல்லிவந்த பங்கு என்றால் விலை வரைபடமும் போட வேண்டும். சரி, இதையெல்லாம் இலக்கு விலைக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில் போடச் சொன்னால் என்ன? அந்த வரைபடத்தில், முன்பு எந்தெந்தத் தேதியில் ‘வாங்கு’ என்றார்கள் என்று ஒரு புள்ளியும் வைக்கச் சொல்லுங்கள். செல்போனுக்கு வரும் ஒற்றை வரிப் பரிந்துரைக்கும் இதே விதி வேண்டும். எங்களில் பாதிப் பேர் படிப்பது அதை மட்டும்தான்.

என்னிடமுள்ள அறிக்கையின் கடைசிப் பக்கத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். பேத்தி நான்கு மடங்கு பெரிதாக்கி நகல் எடுத்துத் தந்தாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
பாளையங்கோட்டை