17 சதவீதம்

அன்பு மகள் கயலுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே, "பருவநிலை மாறுது, விவசாயக் கொள்கையில முதல்ல எதை மாத்தணும்ப்பா?" என்று. அப்போது வாய்க்கால் மேட்டில் நின்றிருந்தேன், சரியாகச் சொல்ல வரவில்லை. டெல்லியில் நீ பார்க்கிற வேலைக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எல்லாரும் விதையைப் பற்றியே பேசுகிறார்கள். விதை வேண்டும்தான். சி.ஆர். 1009 சப் 1 என்கிற, வெள்ளம் தாங்கும் நெல் ரகம் வந்த பிறகு, ஐப்பசி அடைமழையில் இளம்பயிர் இரண்டு வாரம் முழுகிக் கிடந்தாலும் தண்ணீர் வடிந்ததும் துளிர்த்துவிடுகிறது, நம்ம பள்ளத்து வயலிலேயே நீ பார்த்ததுதான். ஆனால் இப்போது மழை பொங்கல் கழிந்து, கதிர் முற்றித் தலை சாய்ந்த பிறகும் வருகிறதே அம்மா. சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்து முளைக்கும்போது அந்த குணம் உதவாது.

அதையும் மீறி அறுத்துக் கொண்டுபோனால், அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் கூடாது. நாடு முழுவதற்கும் ஒரே அளவு. பஞ்சாபில் பருவமழை ஓய்ந்த பிறகு அறுக்கிறார்கள், நமக்குக் குறுகிய கால நெல்லான குறுவை அறுப்பே வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற நேரத்தில். போன தடவை என் நெல் 21 காட்டியது. தார்ப்பாயைப் பிரிப்பதும் மூடுவதுமாக ஒன்பது நாள் அங்கேயே படுத்துக் கிடந்தேன், குவியலின் அடியில் முளைவிட்டுவிட்டது, உன் அம்மாவிடம்கூட அன்று சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் மாநில அரசு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதி, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போய், அதற்குப் பிறகுதான் தளர்வு, அதுவும் வந்தால். 2022 அக்டோபரில் 19 வரை கொடுத்தார்கள். உத்தரவு வரும்வரை நெல் காத்திருக்காது.

தளர்த்தினால் மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். ஈர நெல்லை மூட்டை கட்டி அடுக்கினால் சூடேறிப் பூசணம் பிடிக்கும், அது ரேஷன் அரிசியாகத் திரும்ப நம்ம வீடுகளுக்குத்தான் வரும். உலர்த்தும் மெஷின் வேண்டும், நிலையத்துக்கு ஒன்றாவது. வெயிலை நம்பிக் களத்தில் காயவைத்த காலம் போய்விட்டது. அப்புறம் வடிகால். நம்ம ஊர் வடிவாய்க்காலில் இன்னும் ஆகாயத்தாமரைதான் கிடக்கிறது.

மேட்டூர் அணையையும் பார். 2023-ல் ஜூன் 12 திறந்து அக்டோபர் 10-ல் மூடினார்கள், 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். மே மாதமே "இந்த வருஷம் குறுவைக்குத் தண்ணீர் போதாது, உளுந்தோ எள்ளோ போடுங்கள், விதை இதோ" என்று சொல்லி, விளைந்ததை ஆதரவு விலைக்கு எடுத்தும் கொண்டால் நான் நெல்லை விட்டுக்கொடுக்கத் தயார். யாரும் சொல்லாததால்தான் நாற்று விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறோம்.

அடுத்த தடவை குழு வந்தால் காலை ஆறு மணிக்கு வரச் சொல், மத்தியான வெயிலில் எடுத்த மாதிரியில் ஈரம் தெரியாது. உலர்த்தும் மெஷினைக் கூட்டாக வாங்கினால் மானியம் எவ்வளவு என்றும் கேட்டுச் சொல். இங்கே எட்டுப் பேர் சேர்ந்திருக்கிறோம்.

அன்புடன்,
அப்பா