ஹலாக் அண்ணாவுக்கு, ஒரு ஜூன் 17

அண்ணா, 2010ல நம்ம மாண்ட்ரியால் ஐஸ் ஹாக்கி டீம், கோல் காத்த உங்கள வேற டீமுக்கு மாத்திவிட்ட அந்த ட்ரேட் பத்தி உங்களுக்கு நான் என்ன சொல்ல, போனதே நீங்கதான். ஆனா ஒவ்வொரு வருஷமும் இந்தத் தேதி வந்தா எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடும், இந்தத் தடவை எழுதியே தீரணும்னு உக்காந்துட்டேன்.

எனக்கு 2010னாலே ஏப்ரல் 26 தான். பிளேஆஃப் முதல் ரவுண்ட், நாலு ஜெயிச்சா அடுத்த ரவுண்ட், அதுல வாஷிங்டனோட ஆறாவது மேட்ச். லீக்லயே முதல் இடத்துல முடிச்ச டீம் அது, நம்ம மாண்ட்ரியால் எட்டாவதா தொத்திக்கிட்டு உள்ள வந்துச்சு. மூணாவது மேட்ச்ல உங்கள பாதியில வெளிய எடுத்து, நாலாவதுக்கு நம்ம இன்னொரு கோலி ப்ரைஸை இறக்கி, அதுவும் தோத்து மூணுக்கு ஒண்ணுன்னு ஆனப்புறம்தான திரும்ப உங்க ஞாபகமே வந்துச்சு அவங்களுக்கு! அன்னைக்கு 54 ஷாட், 53 நிறுத்துனீங்க. முன்னாடி நாலு பேர் மறைச்சுக்கிட்டு நிக்கிறாங்க, பக், அந்த ரப்பர் வட்டு, எங்கன்னு டிவி பார்க்கிற எங்களுக்கே தெரியல, நீங்க குனிஞ்சு அவங்க கால் இடுக்கு வழியா தேடி, முட்டி போட்டு ரெண்டு பேடையும் ஐஸ்ல பரப்பி, அது பட்டுத் தெறிச்சா மறுபடி அந்தப் பக்கம் பாய்ஞ்சு... வாஷிங்டன் ஸ்டார் ஓவெச்கின் தலைய ஆட்டிக்கிட்டு போறத பார்த்து பக்கத்து வீட்டுக்காரர் சுவத்தை தட்டிக் கத்துறார். ஆறடி கூட இல்லாத ஆள், டீமுங்க புதுப் பசங்கள வரிசையா எடுக்குற டிராஃப்ட்ல, 2003ல 271வதா எடுத்த ஆள், கோலையே அடைச்சுக்கிட்டு நின்னீங்க.

வாஷிங்டனுக்கு அப்புறம் அடுத்த ரவுண்ட்ல பிட்ஸ்பர்க்கையும் தோக்கடிச்சு அனுப்பி வச்சீங்க. பிலடெல்ஃபியாகிட்ட தோத்ததுக்கு உங்கள சொல்றவங்கள எனக்குப் பிடிக்காது, மூணு மேட்ச்ல நம்ம பசங்க ஒரு கோல் கூட போடல, கோலி என்ன பண்ணுவான்?

ஒரு மாசம் கூட ஆகல, செயின்ட் லூயிஸுக்கு அனுப்பிட்டாங்க.

ஊர் சார்பா சாரி அண்ணா. ஆனா நேர்மையா சொல்லணும்ல, அவங்க வச்சுக்கிட்ட ப்ரைஸுக்கு அப்போ 22 வயசுதான், 2015ல லீக்லயே சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட், சிறந்த கோலிக்கான வெசினா ரெண்டு விருதையும் வாங்கிட்டார். முடிவு தப்புன்னு என்னால சொல்ல முடியல. ப்ரைஸ் ஆளுங்களும் இத படிப்பாங்க, அதனால இதோட நிறுத்திக்கிறேன். ஆனா அந்த சீசன் நடுவுல உங்க ஏஜென்ட் ப்ரைஸோட தோல்விக் கணக்க ட்விட்டர்ல போட்டாரே, அது எனக்கு இன்னும் ஆறல. நீங்க போடல, தெரியும். ஆனா உங்க ஆளுதான?

அதே 2010 பிப்ரவரில வான்கூவர் ஒலிம்பிக்ஸ் செமிஃபைனல்ல உங்க ஸ்லோவாக்கியாவுக்கு எதிரா நான் கனடா ஜெர்சியில உக்காந்திருந்தேன். கடைசி நொடியில உங்க டீம் டெமித்ராவோட ஷாட் எங்க கோலி லுவாங்கோ கிளவ்ல உரசிட்டு வெளிய போனப்போ துள்ளிக் குதிச்சேன். அடுத்த வருஷம் செப்டம்பர்ல அந்த விமான விபத்துல டெமித்ரா போயிட்டார்னு கேட்டப்போ மொதல்ல உங்க முகம்தான் ஞாபகம் வந்துச்சு.

அப்புறம் நியூயார்க் ஐலாண்டர்ஸ் டீம்ல ஒரே சீசன்ல 38 ஜெயிச்சு கிளப் ரெக்கார்ட் போட்டீங்க, அதே கிளப் 2016 டிசம்பர்ல உங்கள கீழ் லீக்குக்கு அனுப்புச்சு. அப்பவாவது மாண்ட்ரியால் கூப்பிடும்னு நெனச்சேன். 2021ல ப்ரைஸ் நம்மள ஃபைனல் வரைக்கும் கொண்டு போனார், நானும் தொண்டை கட்ட கத்தினேன். அதுக்கு உங்ககிட்ட சாரி கேக்க மாட்டேன் அண்ணா.