பழைய ஸ்போர்ட்ஸ் கார்: மீட்டரும் ஸ்கேனரும் சொல்லாதவை

ஆசிரியருக்கு,

வணக்கம். செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில் ஆவணங்களைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருந்து, காரின் கம்ப்யூட்டரில் செருகிக் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரிலும் எதுவும் காட்டாவிட்டால் தைரியமாக வாங்கலாம் என்று முடித்திருந்ததுதான் இடிக்கிறது. இந்த இரண்டை மட்டும் நம்பிப் பணம் கொடுத்தவர்களின் இன்ஜின்தான் பெரும்பாலும் எங்கள் பட்டறை மேஜையில் பிரிந்து கிடக்கிறது.

பதினைந்து வருடத்தில் 12,000 கி.மீ. மட்டுமே ஓடிய வண்டி, நின்றே பழசான வண்டி. ஆயில் சீல்கள் காய்ந்து கசியத் தொடங்கும். ரப்பர் புஷ்களில் வெடிப்பு விழும். டேங்கில் கிடந்த பெட்ரோல் கெட்டு இன்ஜெக்டரை அடைக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டயர் தேயாமல் புதிது போலவே இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரான டயர். வேகமாக ஓட்டும் காருக்கு அது ஆகாது. ஃபெராரி எஃப்355 போன்ற கார்களில் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்ற இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். வண்டி ஓடாவிட்டாலும் வருடக் கணக்கில் மாற்றியாக வேண்டிய பெல்ட் அது. "ஓட்டவே இல்லையே, எதற்கு மாற்றணும்?" என்று விற்பவர் கேட்டால், அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழப்போகிறது. வருடம் தவறாமல் ஆயில் மாற்றிய பில்களோடு வரும் 80,000 கி.மீ. வண்டி எவ்வளவோ மேல்.

அடுத்து ஸ்கேனர். கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் குறியீடுகளை (எரர் கோட்) அழிக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் அழித்தவுடன், வண்டி தனக்குத்தானே செய்துகொள்ளும் சோதனைகளின் முடிவுகளும் சேர்ந்தே அழிந்துபோகும். அந்தச் சோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் 'ரெடினஸ்' பக்கத்தை ஸ்கேனரில் திறந்து பாருங்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ஆக்ஸிஜன் சென்சார் ஆகியவற்றின் சோதனை முடியவில்லை என்று காட்டினால் யாரோ சமீபத்தில் அழித்திருக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன் என்பது வழக்கமான பதில். இருக்கலாம்; அப்படியானால் நாலைந்து நாள் ஓட்டி, சோதனைகள் முடிந்த பிறகு காட்டச் சொல்லுங்கள்.

பல போர்ஷே கார்களின் கம்ப்யூட்டரில் இன்ஜின் ஓடிய மொத்த மணி நேரமும், அளவுக்கு மீறிச் சுழன்ற தடவைகளும் பதிவாகியிருக்கும். கிலோமீட்டரை மணி நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். மீட்டர் 20,000 கி.மீ. காட்டி, இன்ஜின் 2,000 மணி நேரம் ஓடியிருந்தால் சராசரி 10 கி.மீ. வேகம்தான் வருகிறது, எந்த ஸ்போர்ட்ஸ் காரும் அப்படி ஊர்ந்து வாழ்ந்திருக்காது. மீட்டரைக் குறைத்திருக்கிறார்கள் என்றே சந்தேகப்பட வேண்டும். அதிவேகச் சுழற்சியில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி, சுழற்சி எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டரைத் தொடுவது பெரிய பயமில்லை. நான்காவது கியரிலிருந்து ஐந்தாவதுக்குப் போக நினைத்து மூன்றாவதில் போட்டுவிட்டால்தான் ஆபத்து. லிமிட்டர் பெட்ரோலை நிறுத்தினாலும், சக்கரங்களே இன்ஜினை இழுத்துச் சுற்றிவிடும். அந்த வேகத்தில் வால்வு பிஸ்டனில் இடிக்கலாம், பிஸ்டனை கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் அடிவாங்கலாம்.

வண்டியைப் பார்க்கப் போகும் முன், இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து கையை வைத்துப் பாருங்கள்; சூடாக இருந்தால் இன்னொரு நாள் வரலாம். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால்தான் டைமிங் செயின் சத்தமும் நீலப் புகையும் தெரியும். நெடுநேரம் நின்ற போர்ஷே ஃபிளாட்-சிக்ஸ் (ஆறு சிலிண்டர்களும் படுத்திருக்கும் இன்ஜின்) கிளம்பும்போது ஒரு கொத்து நீலப் புகை விடுவது சாதாரணம். சூடான பிறகும் தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. நிற்காமல் வரும் வெள்ளைப் புகையில் இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட் உள்ளே போகிறது.

ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்டை அரைகுறையாகச் செய்வதைவிடச் செய்யாமலே இருக்கலாம். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்ற வேண்டும், பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டிக்க வேண்டும், த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். எண் கூடுதலா குறைவா என்பதைவிட, சிலிண்டர்களுக்கு இடையே வித்தியாசம் எவ்வளவு என்பதே முக்கியம். 15 சதவீதத்தைத் தாண்டினால் கேள்வி கேளுங்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். இன்னும் துல்லியம் வேண்டுமானால், சிலிண்டருக்குள் காற்றை அழுத்திச் செலுத்திப் பார்க்கும் லீக்-டவுன் டெஸ்ட். காற்று எங்கே சீறுகிறது என்று காதை வைத்துக் கேட்டாலே போதும். சைலன்ஸரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். மஸ்டா ஆர்எக்ஸ்-8க்கு மட்டும் சாதாரண கேஜ் உதவாது. அதில் பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோண ரோட்டர்கள்; ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகம். அந்த கேஜ் மூன்றில் அதிகமானதை மட்டும் காட்டி மற்ற இரண்டை மறைத்துவிடும். ரோட்டரி இன்ஜினுக்கென்றே உள்ள கருவிதான் வேண்டும்.

மாடலுக்கு மாடல் வியாதி வேறு என்பதையும் கட்டுரை தொடவில்லை. போர்ஷே 911-இன் 996 மாடல், முதல் பாக்ஸ்டர் என்றால் ஐஎம்எஸ் பேரிங், அதாவது இன்ஜினுக்குள் இருக்கும் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங். மாற்றியதற்கு பில் இருக்கிறதா, ஆயில் ஃபில்டரை வெட்டினால் உலோகத் துகள் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிஎம்டபிள்யூ இ46 எம்3யை லிஃப்டில் ஏற்றி, பின்சக்கர சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃபிரேம் பொருந்தும் இடத்தில் தகடு வெடித்திருக்கிறதா என்று தேட வேண்டும். இ92 எம்3யில் கவலை கனெக்டிங் ராட் பேரிங். ஆயிலைக் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்பினால், ஈயமும் செம்பும் கூடியிருப்பதை வைத்து முன்கூட்டியே பிடிக்கலாம்.

டெஸ்ட் டிரைவில் உயர்ந்த கியரில் 2,000 ஆர்பிஎம்மில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் போய்விட்டது. கியர் ஆயில் சூடாகும் முன்பே இரண்டாவது கியரை மாற்றிப் பாருங்கள். கரகரத்தால், கியர்கள் இடிக்காமல் பொருந்த உதவும் சின்க்ரோ தேய்ந்திருக்கலாம். ரேஸ் டிராக்கில் ஓட்டிய வண்டி என்பதை, நீலம் பாய்ந்த பிரேக் டிஸ்க்கும் வெந்து சுருங்கிய காலிப்பர் ரப்பரும் காட்டிக்கொடுக்கும். டிஸ்க்கில் குறைந்தபட்ச தடிமன் பொறித்திருக்கும், அளந்துகொள்ளுங்கள்.

பெயிண்ட் தடிமன் பார்க்கும் கருவி வாங்குபவர்கள் அலுமினியத்திலும் அளக்கக்கூடியதாக வாங்க வேண்டும். கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 180 மைக்ரான் வரை இருக்கும். ஒரு கதவு மட்டும் 300 காட்டினால் மறுபடி அடித்தது. 1,000-ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது. கார்பன் ஃபைபர் பாகத்தில் அந்தக் கருவி வேலை செய்யாது. அங்கே டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்து, உள்பக்கமும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மெக்கானிக் வாசகர்