கம்ப்ரசர் வாங்குமுன் ஒரு கணக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கார் ஷெட்டுக்குத் தளம் போட்டாயிற்று, வொர்க் பெஞ்சும் வந்துவிட்டது என்று படித்ததும் மனசு நிறைந்தது. இனி காற்றுதான் பாக்கி என்று எழுதி, பார்த்து வைத்த இரண்டு ஏர் கம்ப்ரசர்களில் எதை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். ஒன்று 24 லிட்டர் டேங்க், ஆயில் இல்லாதது, 3 எச்.பி. என்று பெரிய ஸ்டிக்கர். மற்றது 100 லிட்டர் டேங்க், 2 எச்.பி., பெல்ட் போட்டது. ஸ்டிக்கரை நம்பினால் முதலாவதுதான் பலசாலி என்று தோன்றும். ஸ்டிக்கரை மறந்துவிட்டு மோட்டாரின் பெயர்த்தகட்டைப் பார். ஆயில் இல்லாத மெஷினில் 230 வோல்ட், 7 ஆம்பியர் என்று இருந்தால் உள்ளே போவது 1,610 வோல்ட்-ஆம்பியர். இழுக்கும் கரன்ட் முழுதும் வேலையாக மாறாததற்கும் (பவர் ஃபேக்டர்) மோட்டாருக்குள் வெப்பமாகப் போவதற்கும் கழித்தால் தண்டில் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றேகால் எச்.பி. மீதி ஒன்றேமுக்கால் ஸ்டிக்கரில் மட்டும்தான் இருக்கிறது.

நீ கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: 6 பார் அழுத்தத்தில், அதாவது 90 பி.எஸ்.ஐ.யில், நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றை இது வெளியே தரும்? அதுதான் சி.எஃப்.எம். ஒரு கன அடி 28.3 லிட்டர். கேட்லாக்கில் 'டிஸ்ப்ளேஸ்மென்ட்' என்று போட்டிருக்கும் எண்ணை வைத்து முடிவு செய்யாதே. அது பிஸ்டன் நகரும் இடத்தின் அளவு. வால்வில் கசிவது, சிலிண்டர் தலையில் தங்கிவிடுவது, சூட்டில் விரிவது எல்லாம் போனபிறகு கைக்கு வருவது 'ஃப்ரீ ஏர் டெலிவரி'. வீட்டு மெஷின்களில் இது டிஸ்ப்ளேஸ்மென்டில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தாலே நல்லது. உண்மையான ஒரு எச்.பி.க்கு 3 முதல் 4 சி.எஃப்.எம். வரலாம். இதைத் தாண்டி எவர் சொன்னாலும் எண்ணை எந்த அழுத்தத்தில் எடுத்தார்கள் என்று கேள்.

இதைக் கடையிலேயே அளந்து பார்த்துவிடலாம். டேங்கை நிரப்பு. மோட்டார் நின்றதும் கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டு மோட்டாரை மறுபடி ஓடவை, வெளியேறும் வழியை மூடு. முள் 6 பாரைத் தொடும்போது கைபேசியில் ஸ்டாப்வாட்சை அழுத்து, 8 பாரில் நிறுத்து. 100 லிட்டர் டேங்கில் 2 பார் ஏறியது என்றால் உள்ளே போன காற்று 200 லிட்டர். அதற்கு 70 நொடி ஆனால் நிமிடத்துக்கு 171 லிட்டர், அதாவது 6 சி.எஃப்.எம். 2 எச்.பி.க்கு இது நியாயமான எண். 100 நொடி ஆனால் 4.2 சி.எஃப்.எம்.தான், வால்வோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கிறது, அல்லது பெல்ட் வழுக்குகிறது. டேங்கில் காற்று சூடாக இருப்பதால் அளவு கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். ஆனால் இரண்டு மெஷின்களை ஒப்பிட இது தாராளமாகப் போதும்.

அடுத்து உன் வேலைகள். டயருக்குக் காற்று அடிக்க எதுவும் போதும். தூசி ஊதுவது சின்ன வேலை மாதிரி இருந்தாலும் 2 மி.மீ. துளையுள்ள ஏர் கன் 6 பாரில் 9 சி.எஃப்.எம். வரை குடிக்கும். விட்டு விட்டு ஊதுவதால் அது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

வீல் நட்டு கழற்றும் இம்பாக்ட் ரெஞ்சில் '5 சி.எஃப்.எம்.' என்று போட்டிருப்பார்கள். அது நிமிடத்தில் 15 நொடி மட்டும் ட்ரிகரை அழுத்துவதாக எடுத்த சராசரி. அழுத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் அது 20 சி.எஃப்.எம். இழுக்கும். ஒரு நட்டுக்கு 3 நொடி என்றால் 28 லிட்டர் காற்று. 24 லிட்டர் டேங்க் 8 பாரிலிருந்து 6-க்கு இறங்கும்போது தருவது 48 லிட்டர். இரண்டாவது நட்டு முடிவதற்குள் அழுத்தம் விழுந்து ரெஞ்ச் வெறுமனே தடதடக்கும். 100 லிட்டர் டேங்கில் ஏழு நட்டு வரை மோட்டார் ஓடாமலே போகும். அடுத்த சக்கரத்துக்கு ஜாக்கி போடும் நேரத்தில் டேங்க் நிரம்பிவிடும். இப்படி விட்டு விட்டுச் செய்யும் வேலைக்கு டேங்க் பெரிதாக இருப்பது கைகொடுக்கும்.

பம்பர், கதவு மாதிரி ஒன்றிரண்டு பாகம் பெயின்ட் அடிக்கவும் ஆசை என்றாய். எச்.வி.எல்.பி. (அதிகக் காற்று, குறைந்த அழுத்தம்) ஸ்ப்ரே கன் சாதாரணமாக 10 முதல் 12 சி.எஃப்.எம். கேட்கும். பெல்ட் மெஷின் 6 தருகிறது, கன் 11 எடுக்கிறது என்று வை. நிமிடத்துக்கு 140 லிட்டர் துண்டு விழும், அதை டேங்க் ஈடுகட்ட வேண்டும். கன்னுக்கு 2 பார் போதும் என்பதால் டேங்க் 8-லிருந்து 3 வரை இறங்கலாம். அது 500 லிட்டர், மூன்றரை நிமிட வேலை. ஒரு கதவுக்கு ஒரு கோட் அடிக்க அது ஏராளம். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் காயும் நேரத்தில் டேங்க் திரும்ப நிரம்பும். எல்.வி.எல்.பி. (காற்றும் அழுத்தமும் குறைவு) கன் வாங்கினால் 4, 5 சி.எஃப்.எம்.மிலேயே வேலை முடியும், உனக்கு நான் சொல்வது அதைத்தான். முழுக் காரையும் அடிக்க இது ஆகாது.

சாண்டருக்கும் கிரைண்டருக்கும் காற்றை மறந்துவிடு. டி.ஏ. சாண்டர் (சுழன்றபடியே வட்டமிட்டுத் தேய்க்கும் மெஷின்) 6 பாரில் 12 சி.எஃப்.எம். விடாமல் கேட்கும். 100 லிட்டர் டேங்கே ஒரு நிமிடத்தில் காலி. அதன் பிறகு மோட்டார் நிற்காது, சாண்டரும் சரியாகச் சுற்றாது. வீட்டு கம்ப்ரசர்களுக்கு 50 சதவீத டியூட்டி என்றால் 5 நிமிடம் ஓடினால் 5 நிமிடம் ஓய்வு. ஓய்வில்லாமல் ஓட்டினால் டெலிவரி வால்வில் கரி படியும், வால்வு முழுசாக மூடாது, சூடான காற்றே திரும்பத் திரும்ப அமுக்கப்படும், சூடு இன்னும் ஏறும். அப்படித்தான் ஹெட் கேஸ்கட் போகிறது. அந்த வேலைக்கு எலக்ட்ரிக் சாண்டர் வாங்கிக்கொள்.

ஆக, நீ எழுதிய இரண்டில் பெல்ட் மெஷினைத்தான் எடு. பம்ப் நிமிடத்துக்கு 700 முதல் 1,000 சுற்றுதான் சுற்றும், சூடு குறைவு, சத்தமும் பொறுக்கலாம். ரிங், வால்வ் பிளேட், கேஸ்கட் எல்லாம் தனித்தனியாக மாற்றலாம். நேரடியாக மோட்டாரோடு பூட்டிய ஆயில் இல்லாத ரகம் 2,800 சுற்றில் கத்தும், டெஃப்லான் ரிங் தேய்ந்தால் பெரும்பாலும் முழு ஹெட்டையே மாற்ற வேண்டிவரும். அதை அடியோடு மட்டம் என்று சொல்லமாட்டேன். டயரும் ஆணி அடிப்பதும் மட்டும்தான் வேலை, தூக்கிக்கொண்டு போகவும் வேண்டும் என்றால் அதுவே சரி.

கரன்ட் விஷயத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும் கரன்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். மெலிந்த நீள எக்ஸ்டென்ஷன் ஒயரில் அப்போது வோல்டேஜ் விழுந்துவிடும். மோட்டார் உறுமும், கிளம்பாது, ஸ்டார்ட்டிங் வைண்டிங் சூடாகும், கெபாசிட்டர் போகும். தனி லைன், 2.5 சதுர மி.மீ. காப்பர் ஒயர், எர்த், சி-கர்வ் எம்.சி.பி. (கிளம்பும் நொடிக் கரன்டைத் தாங்கும் ட்ரிப் ஸ்விட்ச்) போடு. தூரம் போதவில்லை என்றால் ஒயரை நீட்டாதே, காற்று ஓஸை நீட்டு. ஓஸின் உள்விட்டம் 10 மி.மீ. இருக்கட்டும். 6 மி.மீ. ஓஸும் மலிவான கப்ளரும் போட்டு, ரெஞ்சுக்குப் பலமில்லை என்று கம்ப்ரசரைத் திட்டுவது அதிகம் நடக்கிறது.

இப்போது தண்ணீர். வாங்கியவர்கள் பெரும்பாலும் அலட்சியம் செய்வது இதைத்தான். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் கன மீட்டருக்கு 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. 8 பாருக்கு அமுக்கினால் (வெளிக்காற்றின் அழுத்தமும் சேர்த்து 9) காற்று ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆறியதும் அந்தச் சின்ன இடத்தில் 3.4 கிராம்தான் ஆவியாகத் தங்க முடியும். மிச்சம் 20 கிராமுக்கு மேல் தண்ணீராக விழும். 6 சி.எஃப்.எம். மெஷின் மணிக்குப் பத்து கன மீட்டர் இழுக்கும். அதாவது ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு டம்ளர் தண்ணீர், 200 மில்லி. அது டேங்கின் அடியில் கிடந்து உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே அடித்தகடு காகிதமாகிவிடும். வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு டேங்கின் அடியில் தண்ணீர் வடிக்கும் ட்ரெயின் காக்கைத் திற. முதலில் பழுப்பாகத் துப்பும், பிறகு வெறும் காற்று வரும். துருப்பிடித்து ஓட்டை விழுந்த டேங்கை வெல்டிங் வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. நீ அதைச் செய்யவே கூடாது, அப்படிப்பட்ட டேங்க் மொத்தமாகப் பிளக்கும். இதே காரணத்தால் காற்று லைனுக்கு பி.வி.சி. பைப் வேண்டாம். அது உடையும்போது சில்லு சில்லாகச் சிதறும். காப்பர், ஜி.ஐ., அல்லது இதற்கென்றே வரும் அலுமினியம் போடு.

காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரை கம்ப்ரசர் வாயிலேயே மாட்டாதே. அங்கே காற்று சூடாக இருக்கும், தண்ணீர் ஆவியாகவே அதைத் தாண்டிப் போய் ஸ்ப்ரே கன்னில் துளியாகும். ஏழெட்டு மீட்டர் பைப்பில் ஆறிய பிறகு மாட்டு. பைப்பைக் கொஞ்சம் சாய்வாக ஓட்டு, கிளைகளை மேல்பக்கத்திலிருந்து எடுத்து வளைத்து இறக்கு, கடைசியில் ஒரு ட்ரெயின் வை.

பெயின்ட் அடிக்கும்போது கம்ப்ரசர் அந்த அறையில் இருக்கக்கூடாது. தின்னர் ஆவி தீப்பிடிக்க, மோட்டாரை ஓட்டி நிறுத்தும் பிரஷர் ஸ்விட்சின் பொறி ஒன்று போதும். ஹார்டனர் கலந்த பெயின்டுக்கு தூசி மாஸ்க் உதவாது என்பதையும் நினைவில் வை, அதில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும்.

மெஷினைச் சமதரையில் ரப்பர் பேட் மேல் வை. ஃப்ளைவீலுக்கும் சுவருக்கும் ஒன்றரை அடி விடு. ஃப்ளைவீல் கைகள்தான் பம்புக்கு விசிறி, அம்புக்குறி காட்டும் திசையில் சுற்றுகிறதா என்று பார். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் 10 மி.மீ. உள்ளே போகட்டும். ஆயில் கம்ப்ரசருக்கென்றே வரும் வி.ஜி. 100 (ஆயிலின் தடிமன் எண்), கண்ணாடியில் பாதி வரை. என்ஜின் ஆயிலில் டிடர்ஜென்ட் இருப்பதால் தண்ணீரோடு கலந்து மோர் மாதிரி வெளுத்துவிடும். முதல் 50 மணி நேரத்தில் மாற்று.

கடைசியாக, காதால் பிடிக்க வேண்டிய இரண்டு கோளாறுகள். மோட்டார் நின்றதும் 'புஸ்' என்று ஒரு மூச்சு வர வேண்டும். அது அன்லோடர் வால்வு, பிஸ்டன் தலையில் நின்ற அழுத்தத்தை விடுகிறது. அந்த மூச்சு வராவிட்டால் அடுத்த முறை மோட்டார் அழுத்தத்துக்கு எதிராகக் கிளம்பப் பார்த்து, உறுமி, ட்ரிப் ஆகும். மோட்டார் கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றிக்கொண்டு ஓட வேண்டாம். அந்த மூச்சு நிற்காமல் சீறிக்கொண்டே இருந்தால் டேங்க் வாயில் காற்றைத் திரும்ப விடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வில் துரும்போ கரியோ சிக்கியிருக்கிறது. டேங்கைக் காலி செய்துவிட்டு, அதைக் கழற்றித் துடைத்துப் போட்டால் சரியாகும். சேஃப்டி வால்வின் வளையத்தை மாதம் ஒருமுறை இழுத்துப் பார், ஒட்டிக்கொண்டிருந்தால் மாற்று.

கடைக்குப் போகும்போது 6-லிருந்து 8-க்கு எத்தனை நொடி ஆனது, பெயர்த்தகட்டில் எத்தனை ஆம்பியர், டேங்க் தகட்டில் தயாரித்த ஆண்டும் டெஸ்ட் பிரஷரும் என்ன என்று குறித்துக்கொள். எண்களை எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்