நடுவராக அழைக்கப்பட்ட நண்பனுக்கு

மதுரை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. கண்புரை அறுவைக்குப் பிறகு கண்ணாடி இல்லாமலே செய்தித்தாள் படிக்கிறாய் என்பதில் மகிழ்ச்சி. என் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டாலே ஆட்சேபணை தெரிவிக்கிறது.

ஒரு தனியார் ஆலைக்கும் அதன் கட்டட ஒப்பந்ததாரருக்கும் இடையிலான தகராறில் உன்னை நடுவராக இருக்கக் கேட்டிருக்கிறார்கள் என்றும், சட்டம் படிக்காத பொறியாளரான உனக்கு அதற்குத் தகுதி உண்டா என்றும் எழுதியிருந்தாய். பட்டத்தைப் பற்றிய கவலை உனக்கு வேண்டாம். 1996-ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டம் அப்படி எதையும் கேட்பதில்லை. 2019-இல் எட்டாம் அட்டவணை என்று ஒன்றைச் சேர்த்து, பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர், பட்டயக் கணக்கர், பொறியாளர் என்று வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். 2021-இல் அதை அவர்களே நீக்கிவிட்டார்கள். நீக்கியது நல்லதே என்பது என் கருத்து.

எனக்கு உறுத்தியது நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: அந்த ஒப்பந்ததாரர் முன்பு உன் கோட்டத்தில் கால்வாய் வேலை செய்தவர், அவருடைய பில்களில் நீ கையெழுத்திட்டிருக்கிறாய். நீ நேர்மையானவன் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் பிரிவு 12 கேட்பது உன் மனச்சாட்சியை அன்று, எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு நியாயமான ஐயம் எழக்கூடுமா என்பதை. ஆகவே, இசைவு தெரிவிக்கும் முன்பே, ஆறாம் அட்டவணையில் உள்ள படிவத்தில் அந்தப் பழைய தொடர்பை ஆண்டோடும் வேலையின் பெயரோடும் எழுதிக் கொடுத்துவிடு. இப்போது உன் கையில் எத்தனை வழக்குகள் இருக்கின்றன, பன்னிரண்டு மாதத்திற்குள் முடிக்க உனக்கு நேரம் இருக்கிறதா என்பவற்றையும் அந்தப் படிவம் கேட்கும். ஏழாம் அட்டவணையில் சொல்லப்பட்ட உறவுகளில் ஒன்றாக அது இருந்தால், தகராறு எழுந்த பிறகு இரு தரப்பினரும் எழுத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டாலன்றி நீ நடுவராக உட்கார முடியாது.

பொறியாளர்களாகிய உங்களிடம் நான் அஞ்சுவது வேறொன்று. உங்களுக்கு விஷயம் தெரியும் என்பதே அது. சில ஆண்டுகளுக்கு முன் மூவர் அமர்வொன்றில் நான் இருந்தேன். தோண்டியது கடப்பாரைக்குப் பெயரும் பாறையா, வெடி வைத்துத் தகர்க்க வேண்டிய கடும்பாறையா என்பதே வழக்கு. தேநீர் இடைவேளையில், உடன் நடுவராக இருந்த பொறியாளர், வேலையின் அளவுகளைப் பதியும் எம்-புக்கை என் பக்கம் நகர்த்தி, "ஆறு மாத அளவும் ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது" என்றார். அவர் கண்ணுக்குப் பட்டது எனக்குப் பட்டிராது. ஆனால் அதை மனத்திலேயே வைத்துக்கொண்டு தீர்ப்பில் மட்டும் எழுதிவிடலாம் என்று அவர் சொன்னபோதுதான் நான் மறுத்தேன். பிற்பகலில் அந்தப் பக்கத்தைத் திறந்து இரு தரப்பினரிடமும் கேட்டோம். மழையில் நனைந்த புத்தகத்திலிருந்து படியெடுத்தது என்றார் ஒப்பந்ததாரரின் எழுத்தர். அடுத்த அமர்வுக்கு மூலத்தையே கொண்டு வந்தார்: ஊதிப் பெருத்து, செம்மண் கறையோடு, பக்கங்கள் ஒட்டிக்கொண்டு. ஓரிரண்டு இடங்களைத் தவிர அளவுகள் ஒத்திருந்தன. அந்தப் பொறியாளர் அதன்பின் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. உனக்குத் தெரிந்தது எதுவானாலும், அதை வைத்து முடிவெடுக்கப் போகிறாய் என்றால், பதில் சொல்லும் வாய்ப்பை இருவருக்கும் கொடுத்துவிட்டே எடு.

இன்னொன்று, நம் ஊர்ப் பஞ்சாயத்துப் பழக்கம். இருவரும் பாவம் என்று கேட்ட தொகையைப் பாதியாக்கிக் கொடுக்க உனக்குக் கை வரும், உன் குணம் அப்படி. பிரிவு 28 அதற்கு இடம் தருவதில்லை. நியாயமாகப் பட்டபடி தீர்க்கலாம் என்று தரப்பினர் வெளிப்படையாக அதிகாரம் கொடுத்தால் ஒழிய, ஒப்பந்த வாசகத்தையும் சட்டத்தையும் ஒட்டியே தீர்க்க வேண்டும். காரணங்களையும் எழுத வேண்டும். தோற்றவர் படித்தால், தான் சொன்னது காதில் விழுந்திருக்கிறது என்றாவது அவருக்குத் தெரிய வேண்டும்.

படிவத்தை அனுப்பும் முன் ஒரு நகல் எனக்கு அனுப்பு. கால்வாய் வேலை நடந்த ஆண்டை நினைவிலிருந்து எழுதாதே. பரணில் உன் பழைய டைரிகள் இருக்குமே, அவற்றை எடுத்துப் பார்த்து எழுது.

அன்புடன்,
வைத்தி