சுழியோடும் கருவிகளுக்கு விலைக்கட்டு, உதிரிப்பாகத்துக்குத் தடை: விசாரணை கோரும் மனு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

தலைவர்,
நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை,
வோக்ஸ்ஹோல் வீதி,
கொழும்பு 02.

ஐயா / அம்மணி,

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 34ஆம் பிரிவின் கீழ் விசாரணை கோரல்

நான் வெள்ளவத்தையில் சுழியோடிகளுக்கான கருவிகளை விற்றுத் திருத்திக் கொடுக்கும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். மாஸ்க், காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸ், சிலிண்டர், அதன் காற்றை மூச்சுவிடும் அளவுக்கு இறக்கித் தரும் ரெகுலேற்றர் இவைதான் என் சரக்கு. "ஒட்சிசன் சிலிண்டர் இருக்கா?" என்று கேட்டு வருபவர்களிடம், உள்ளே இருப்பது ஒட்சிசன் அல்ல, நாம் மூச்சுவிடும் அதே காற்றுதான் என்று சொல்லிச் சொல்லியே பாதி நாள் போய்விடும். என் கடை எந்த இறக்குமதியாளருக்கும் சொந்தமானதல்ல, எந்தப் பயிற்சி நிலையத்தோடும் சேர்ந்ததல்ல. என் சிக்கலே அதில்தான் தொடங்குகிறது.

பெயர்பெற்ற வெளிநாட்டு உற்பத்தியாளர் ஒருவரின் கருவிகளுக்கு இந்நாட்டில் ஒரேயொரு முகவர்தான். அவரே சுழியோடிப் பயிற்சி நிலையமும் சில்லறைக் கடையும் நடத்துகிறார். அதாவது எனக்கு மொத்தமாகச் சரக்குத் தருபவரும் என் போட்டியாளரும் ஒருவரே. அவரிடம் வாங்குவதற்கு நான் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தேன். பட்டியல் விலையிலிருந்து ஒரு ரூபாயும் குறைக்கக் கூடாது. விலையை முகநூலில் போடக் கூடாது. மேல் மாகாணத்துக்கு வெளியே அனுப்பக் கூடாது. ஆண்டுக்கு இவ்வளவு தொகைக்குக் கட்டாயம் வாங்க வேண்டும், ரெகுலேற்றர் வேண்டுமென்றால் விற்காமல் கிடக்கும் பைகளையும் சேர்த்து எடுக்க வேண்டும். வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்து வைத்தேன், மறுக்கவில்லை. ஆனால் வேறு வழியும் இருக்கவில்லை. பயிற்சி நிலையத்தில் எந்தப் பெயருள்ள கருவியைப் போட்டுப் பழகினாரோ, அதையே தேடித்தான் வாடிக்கையாளர் கடைக்கு வருவார்.

மாகாணத் தடை பார்வைக்குச் சிறிய விஷயம். ஆனால் இந்தத் தீவில் கடல் இரண்டு பருவமாக இயங்குகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கொழும்பும் ஹிக்கடுவையும். தென்மேல் பருவக்காற்று தொடங்கி மேற்குக் கரை கலங்கிவிட்டால் மே முதல் செப்டம்பர் வரை நிலாவெளி, புறாத்தீவு, மட்டக்களப்புப் பக்கம். கொழும்புக் கடை ஒன்று ஆண்டு முழுவதும் தாக்குப்பிடிப்பது இரண்டு பருவத்திலும் விற்பதால்தான். கிழக்குக்கு அனுப்பாதே என்பது ஆறு மாதம் கடையைப் பூட்டு என்பதற்குச் சமம்.

விலைக்கட்டு யாரைக் கட்டுகிறது என்றும் பாருங்கள். சுற்றுலாப் பயணி தன் கருவியைப் பெட்டியில் போட்டுக்கொண்டே வருகிறார். உள்ளூர்ப் பயிற்றுநர் துபாயிலிருந்து வரும் மச்சானிடம் சொல்லிவிடுகிறார். முகவரின் சொந்த நிலையமோ பயிற்சிக் கட்டணத்துக்குள் மாஸ்க்கை 'இலவசமாக' அடக்கிக் கொடுக்கிறது. விலை அசையக் கூடாதது என் கடையில் மட்டும்தான். சென்ற ஆண்டு மாணவர்கள் நால்வருக்கு 10 வீதம் குறைத்துக் கொடுத்தேன். பற்றுச்சீட்டின் படம் எப்படியோ முகவரின் கைக்குப் போய்விட்டது. அடுத்த கிழமை என் கணக்கு மூடப்பட்டது.

சரி, புதுச் சரக்கு இல்லையென்றால் வேறு பெயருள்ளதை விற்கலாம். நான் இந்த மனுவை எழுதக் காரணம் அதுவல்ல. கணக்கை மூடிய அன்றே, நான் ஏற்கெனவே விற்ற ரெகுலேற்றர்களுக்கான சேர்விஸ் கிட்டையும், அதாவது தேய்ந்ததை மாற்றுவதற்கான உதிரிப்பாகப் பொதியையும், நிறுத்திவிட்டார்கள்.

நிரப்பிய சிலிண்டரில் ஏறத்தாழ 200 பார் அழுத்தம் இருக்கும். ரெகுலேற்றரின் முதற்கட்டம் அந்த அழுத்தத்தை, சுழியோடியைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு மேல் 10 பார் அளவுக்கு இறக்குகிறது, வாயில் வைக்கும் இரண்டாம் கட்டம் மூச்சுவிடக்கூடிய அளவுக்குக் கொண்டுவருகிறது. இந்த வேலையைத் தாங்குவது ஓ-ரிங் எனப்படும் சில ரப்பர் வளையங்களும், காற்றின் வழியை அடைக்கும் விரல் நுனியளவு ஒரு சீற்றும்தான். உப்பு படியும், ரப்பர் இறுகும், சீற்றில் பள்ளம் விழும். அதனால்தான் ஆண்டுக்கொரு முறை கழற்றி மாற்றச் சொல்லி உற்பத்தியாளரே கையேட்டில் எழுதுகிறார். அதைச் செய்வதற்கான பயிற்சியை அதே உற்பத்தியாளரிடம் பெற்றவன் நான். சான்றிதழ் கடைச் சுவரில் தொங்குகிறது, கிட்தான் இல்லை.

சென்ற பருவத்தில் கிண்ணியாவிலிருந்து சங்கு குளிக்கும் தம்பி ஒருவர் இரவு பஸ்ஸில் வந்தார். என்னிடம் வாங்கிய ரெகுலேற்றர், காற்று நிற்காமல் சீறிக்கொண்டிருந்தது. சீற் தேய்ந்திருக்கிறது என்று கழற்றிய உடனேயே தெரிந்தது. முகவரிடம் கேட்டேன். கிட் தர முடியாது, கருவியை எங்களிடம் விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள், மூன்று கிழமையாகும் என்றார்கள். பருவம் ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்று கிழமை யார் வீட்டில் இருப்பார்? "ஹாட்வெயார் கடையில ஓ-ரிங் வாங்கிப் போட்டுச் சமாளிப்பம் அண்ணை" என்றார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் சொந்த ரெகுலேற்றரைக் கொடுத்து அனுப்பினேன். வருகிற எல்லோருக்கும் அப்படிக் கொடுக்க என்னிடம் இல்லை.

உற்பத்தியாளர் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கடையில் ஒரு மணித்தியாலம் மாஸ்க் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் இணையத்தில் மலிவாக வாங்குபவர்களால் நானும் நட்டப்பட்டவன்தான். பயிற்சியில்லாதவன் கையில் உதிரிப்பாகம் போகக் கூடாது என்பதும் சரியே. ஆனால் முதலாவதற்கு மருந்து விலைக்கட்டு என்றால் முகவரின் நிலையமும் அதைக் குடிக்க வேண்டும். இரண்டாவது, பயிற்சி பெற்ற எனக்கு எப்படிப் பொருந்தும்?

எனக்குத் தந்த ஒப்பந்தம் அமெரிக்க வியாபாரத்துக்கு எழுதியதைப் பார்த்து எழுதியது போலத் தெரிகிறது. அங்கே 2007இல், லீஜின் என்ற தோற்பொருள் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்ச மறுவிற்பனை விலை விதிப்பது தன்னளவிலேயே சட்டவிரோதம் என்ற 1911ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கைவிட்டு, விளைவைப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்றது. ஐரோப்பிய ஒன்றியம் இன்றும் இப்படி விலை விதிப்பதைக் கடும் மீறலாகவே பார்க்கிறது. பக்கத்தில் இந்தியாவில், விற்பனையாளர்கள் கூடுதல் தள்ளுபடி கொடுப்பதைத் தடுத்ததற்காக மாருதி சுசுகிக்கு 2021இல் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நம் சட்டத்தின் 35ஆம் பிரிவு, போட்டியைக் கட்டுப்படுத்தும், திரிக்கும், தடுக்கும் நடத்தையைப் பற்றிப் பேசுகிறது. அத்தகைய விளைவு ஏற்படக்கூடியதாக இருந்தாலே போதும் என்கிறது.

ஆகவே, மேற்படி முகவரின் விலை நிபந்தனையையும் மாகாணத் தடையையும் 34ஆம் பிரிவின் கீழ் விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். விலையை நீங்கள் நிர்ணயிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் கணக்கைத் திரும்பத் திறக்கச் சொல்லியும் கேட்கவில்லை. விசாரணை முடிய எவ்வளவு காலம் எடுத்தாலும், உற்பத்தியாளரின் பயிற்சிச் சான்றிதழ் உள்ள எவருக்கும் சேர்விஸ் கிட்டை நியாயமான விலைக்கு விற்கும்படி முகவரிடம் இப்போதே பேசுங்கள். கிழக்கில் அடுத்த பருவம் மே மாதம் தொடங்குகிறது.

ஒப்பந்தத்தின் பிரதி, கணக்கை மூடிய கடிதம், கிட் மறுத்த மின்னஞ்சல், என் சான்றிதழ் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். முகவரின் பெயர் அவற்றில் உள்ளது. பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டுவது என் நோக்கமல்ல என்பதால் மனுவில் எழுதவில்லை. அழைத்தால் தேய்ந்த சீற்றையும் புதிய சீற்றையும் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைத்துக் காட்டுவேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
கடை உரிமையாளர்